ஐந்து வௌவால்கள், இரண்டு டாலர்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எதிர்வீட்டு வாசலில் ஒரு மடக்கு மேஜையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு அரக்குப் பெட்டி. வட்டமானது, ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் இருக்கும். மூடியில் ஐந்து வௌவால்கள் செதுக்கியிருக்கும். அதற்கு இந்தப் பக்கம் ரைஸ் குக்கர், அந்தப் பக்கம் ஒரு டென்னிஸ் மட்டையும் மூன்று போர்வைகளும். பெட்டியின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி இரண்டு டாலர் என்று எழுதியிருக்கிறது. என் ஜன்னலிலிருந்து அதைப் படிக்க முடியாது. காலையில் பேப்பர் எடுக்கிற சாக்கில் தெருவைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்று சனிக்கிழமை, 2009 ஏப்ரல், டெக்சாஸ் மாநிலத்து ரவுண்ட் ராக். எதிர்வீட்டு லீ ஃபாங்கும் அவள் கணவன் ஜுன்னும் திங்கட்கிழமை கலிஃபோர்னியாவுக்குக் குடிபோகிறார்கள். தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் வாசலில் பரப்பி விற்கிறார்கள். அந்தப் பெட்டி எங்களுக்குப் பரிசாக வந்தது. அது ஏன் அந்த மேஜைக்குப் போயிற்று என்பதுதான் கதை. முன்பின் தெரியாத யாரோ அதை வாங்கிக்கொண்டு போவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால், என் மனைவி சாரதாவுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி, கோபத்தோடேயே ஊரைவிட்டுப் போய்விடுவாள்.

என் பெயர் வெங்கடகிருஷ்ணன். இங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் மென்பொருள் சோதிப்பவன். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது உத்தியோகம். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் சித்திரை மலருக்கு நாலு பக்கத்தில் ஒரு கதை தருகிறேன் என்று மலர்க்குழுத் தலைவர் பத்மநாபனிடம் வாயைக் கொடுத்துவிட்டேன். இன்று சாயங்காலம் கெடு. கதையில் ஒரு மெசேஜ் இருக்க வேண்டும், யார் மனசும் புண்படக் கூடாது, முடிவு சந்தோஷமாக இருந்தால் விசேஷம் என்று நேற்று ஃபோனில் மூன்று நிபந்தனை போட்டார். ஆகட்டும் என்றேன். மனிதன் எதற்குத்தான் ஆகட்டும் என்று சொல்வதில்லை.

2

முதல் தொடக்கம்:

சீன தேசத்து மலைச்சரிவுகளில் ஒரு மரம் உண்டு. பட்டையைக் கீறினால் பால் வடியும். அந்தப் பாலில் செந்தூரம் குழைத்து மரப்பெட்டியின் மேல் ஒரு பூச்சு, காகிதத்தைவிட மெல்லிசாக. அது காய்ந்த பிறகு இன்னொன்று. இப்படி நூறு பூச்சுக்கு மேல் ஏறி, பூச்சே ஒரு விரற்கடை கனத்துக்கு வந்த பிறகுதான் உளியை எடுப்பார்கள். பீச் பழம் நீண்ட ஆயுளுக்கு, மாதுளை பிள்ளைகுட்டிக்கு, ஜோடி வாத்து தம்பதி ஒற்றுமைக்கு, மீன் செல்வச் செழிப்புக்கு. ஆக, ஒரு பெட்டி என்பது பெட்டியல்ல, அது ஒரு

ஒரு என்ன? தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் பத்மநாபன் கட்டுரைப் பகுதிக்குத் தள்ளிவிடுவார். (ஒரு தகவலை மட்டும் விட மனசில்லை. உளி ஒரு இடத்தில் வழுக்கினால், அவ்வளவு நாள் பூசியதும் வீண். ஒட்டுப்போட முடியாதாம்.)

இரண்டாவது தொடக்கம்:

காப்பெல் நகரில் நஞ்சப்பன் என்று ஒரு நல்ல மனிதர் இருந்தார். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவர் மனைவிக்கு ஒரு சீனச் சிநேகிதி இருந்தாள். ஒரு நாள் அந்தச் சிநேகிதி

[காப்பெல் எதுக்கு? நாம இருக்கறது ரவுண்ட் ராக்தானே? நஞ்சப்பன் யாரு? – சா.]

இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது என் மனைவி. நான் எழுந்து ஜன்னலுக்குப் போகும்போதெல்லாம் வந்து, எழுதினவரைக்கும் படித்து, திருத்தம் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். திருச்சியில் கணக்கு டீச்சராக இருந்தவள். பேப்பர் திருத்துகிற கை, சும்மா இருக்காது. அவள் போட்டதை அழிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன். எதுவரைக்கும் விடமுடியும் என்று பார்ப்போம்.

3

சரி, காப்பெல் வேண்டாம். நஞ்சப்பன் மட்டும் இருக்கட்டும், எனக்கு அவர் தேவைப்படுகிறார்.

போன வருஷம் ஆகஸ்டில் நஞ்சப்பன் வீட்டுக் கிருகப்பிரவேசம். புகைக்கு அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடப் போகிறதே என்று ஹோமத்தைக் கராஜில் நடத்தினார்கள். எல்லாம் முடிந்து வடை பாயசம் ஓடிக்கொண்டிருந்தபோது லீ ஃபாங்கும் ஜுன்னும் வந்தார்கள். லீ ஃபாங் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள். உள்ளே பேரீச்சம்பழம் வைத்த மாவுப் பண்டம். வந்திருந்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் காலி பண்ணினார்கள். பெட்டி மட்டும் கூடத்தில் நின்றது.

லீ ஃபாங்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நஞ்சப்பனின் மனைவிக்கு (சரி, சாரதாவுக்கு) இங்கே வேலை பார்க்க விசா கிடையாது. லீ ஃபாங்குக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் முன்பு ஒரே அபார்ட்மென்டில் இருந்தவர்கள். சர்ச் பார்க்கிங் லாட்டில் வைத்து சாரதாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள்தான். நான் இரண்டு நாள் கற்றுக்கொடுத்தேன், மூன்றாம் நாள் விவாகரத்து வரை போயிற்று. தன் வீட்டுக்கு எதிரே இந்த வீடு விலைக்கு வருகிறது என்று எங்களுக்குச் சொன்னதும் அவள்தான். தினமும் காலை எட்டு மணிக்குக் குளத்தைச் சுற்றி நடை. அவர்கள் பேசிக்கொள்ளும் ஆங்கிலம் எனக்குப் புரியாது. வினைச்சொல்லே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவார்கள், நடுவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஊரை விட்டு வந்த பிறகு சாரதா அப்படிச் சிரித்து நான் வீட்டில் பார்த்ததில்லை.

[பார்த்ததில்லைன்னு இல்ல. நீங்க வீட்ல இருந்தாத்தானே. – சா.]

பெட்டிக்கு வருவோம். விருந்தாளிகள் போன பிறகு நஞ்சப்பன் மூடியை உற்றுப் பார்த்தார். முதலில் வண்ணத்துப்பூச்சி என்றுதான் நினைத்தார். பிறகு காதுகள் தெரிந்தன. வௌவால். ஒன்று இல்லை, ஐந்து. புது வீட்டில், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில். நம் பக்கத்தில் ஒரு வீட்டில் வௌவால் அடைகிறது என்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை, விளக்கேற்ற நாதியில்லை என்று அர்த்தம். மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஊரிலிருந்து யார் வந்தாலும் பக்கத்திலுள்ள ஆஸ்டின் பாலத்துக்கு அழைத்துப் போய், சாயங்காலத்தில் அதன் அடியிலிருந்து லட்சக்கணக்கில் கிளம்புகிற வௌவால்களைக் காட்டி, போட்டோ எடுத்து, என்ன அழகு என்று சொல்கிறவர்தான் இந்த நஞ்சப்பன். அது பாலம். இது வீடு.*

* சீனர்களுக்கு வௌவால் மங்கலம். அவர்கள் மொழியில் அதற்கும் பாக்கியத்துக்கும் ஒரே உச்சரிப்பாம். ஐந்து வௌவால் என்றால் ஐந்து பாக்கியம். எந்தெந்த ஐந்து என்று ஜுன் ஆபீஸ் கேன்டீனில் ஒரு நாப்கினில் எழுதிக் காட்டினான். இந்த அடிக்குறிப்பை நான் போட்டிருக்கக் கூடாது. அவன் என்றைக்கு எழுதிக் காட்டினான் என்று யாராவது கேட்பார்கள்.

4

இனி பெட்டி திரும்பிப் போன கதை. கிருகப்பிரவேசம் முடிந்து இரண்டாம் நாள் சாரதா பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு நஞ்சப்பனிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"பலகாரம் மட்டும்தான் நமக்கா, இல்ல பெட்டியும் சேர்த்துக் குடுத்தாங்களா?"

இந்த இடத்தில் நஞ்சப்பன் சண்டித்தனம் பண்ணுகிறார். எனக்கு வேண்டிய பதிலைச் சொல்ல மாட்டேன் என்கிறார். எனக்குத் தெரியாதும்மா, அவங்களையே கேட்டுடேன் என்று சொல்ல வாயைத் திறக்கிறார். நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன், நாலு தடவையும் அதையேதான் சொல்கிறார். அவ்வளவு நல்லவராகப் படைத்தது என் தப்பு. நல்லவர்களை வைத்துக்கொண்டு கதை நகராது, ஆளை விடு என்று நஞ்சப்பனை இந்த இடத்தோடு அனுப்பிவிடுகிறேன். இனி கதையில் கணவன் என்று மட்டும் இருக்கட்டும்.

கணவன் சொன்னது இது: "திருப்பித் தரணும்னுதான் நினைக்கிறேன். நம்ம ஊர் மாதிரிதானே அவங்களும்."

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து ஏதாவது பாத்திரத்தில் வந்தால் பாத்திரத்தைத் திருப்பித் தருவோம், ஆனால் வெறும் பாத்திரமாகத் தர மாட்டோம். சாரதா அன்று மத்தியானமே முறுக்குப் பிழிந்தாள். [தேங்குழல். முறுக்கு வேற. – சா.] தேங்குழல். இருபத்தோரு தேங்குழலை அந்தப் பெட்டியில் அடுக்கி, மேலே ஒரு ரோஜாப்பூ வைத்து, எதிர்வீட்டுக்குக் கொண்டு போனாள். வெறுங்கையோடு ஒருத்தர் வீட்டுப் படி ஏறத் தெரியாதவள் அவள். ஒரு டம்ளர் சர்க்கரை கடன் வாங்கப் போனாலும் இரண்டு வாழைப்பழத்தோடு போவாள்.

லீ ஃபாங் கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தாளாம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாளாம். தேங்க் யூ என்றாளாம். உள்ளே வா என்று சொல்லவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு சாரதா ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். எட்டே காலுக்கும் நின்றாள். ஒரு வாரம் நின்றாள். அப்புறம் தனியாக நடக்க ஆரம்பித்தாள்.

சாரதா என்ன நினைத்தாள் தெரியுமா? தேங்குழல்மேல் சந்தேகப்பட்டாள்.

[பெருங்காயம் ஜாஸ்தி ஆயிடுச்சு. அவங்களுக்கு அந்த வாசனை பழக்கமில்ல. நான் யோசிச்சிருக்கணும். – சா.]

பார்த்தீர்களா. இப்போதும் அதையேதான் சொல்கிறாள். எட்டு மாதத்தில் மூன்று தடவை தேங்குழல் செய்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் பெருங்காயம் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் எதிர்வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து, தைரியம் வராமல் என்னிடம் கொடுத்தாள். கடைசியாகச் செய்ததில் பெருங்காயமே கிடையாது. வாயில் வைக்க வழியில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் அத்தனையும் தின்றேன்.

5

சோதனைக்காரனாக என் கதையை நானே சோதித்தால் ஒரு தப்பு பளிச்சென்று தெரிகிறது. ஒரு பெண் தேங்குழல் கொடுத்ததற்காக இன்னொரு பெண் எட்டு மாதம் பேசாமல் இருப்பாளா? இருக்க மாட்டாள். பெருங்காயத்துக்கு அவ்வளவு சக்தி கிடையாது.

ஆகவே எழுதிவிடுகிறேன். சாரதா இப்போது மாடியில் துணி மடிக்கிறாள். இறங்கி வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெட்டி பரிசு என்று எனக்குத் தெரியும். கிருகப்பிரவேசத்துக்கு மறுநாளே தெரியும். ஜுன்னும் நானும் ஒரே கட்டடம். மத்தியானச் சாப்பாட்டில் அவன் நாப்கினை எடுத்து ஐந்து பாக்கியத்தையும் வரிசையாக எழுதி விளக்கினான். அது லீ ஃபாங்கின் கல்யாணத்துக்கு அவள் அக்கா கொடுத்த பெட்டி என்றான். ஒன்பது வருஷமாகப் பிரிக்காமல் துணியில் சுற்றி வைத்திருந்தாளாம். நாங்கள் வீடு வாங்கிய அன்று, இது சாரதா வீட்டில் இருக்க வேண்டியது என்று எடுத்துத் துடைத்தாளாம். ரொம்ப சந்தோஷம் என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மறுநாள் சாரதா கேட்டபோது திருப்பித் தரணும் என்றேன்.

ஏன் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கிரீன் கார்டு பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. புது வீடு. கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. படித்தவன், கம்ப்யூட்டர்க்காரன், ஐந்து வௌவாலுக்குப் பயந்தேன். பயமாக இருக்கிறது என்று சாரதாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள், பெட்டியை வேறு அறையில் வைத்திருப்பாள், அவ்வளவுதான். சிரிப்பாளே என்றுதான் சொல்லவில்லை. அவள் பழக்கத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்து, அவளை வைத்தே அனுப்பிவிட்டேன். கல்யாணப் பரிசைத் துணியிலிருந்து பிரித்துக் கொடுத்தவளுக்கு, அது மூன்றாம் நாள் பலகாரத்தோடு திரும்பி வந்தால் என்ன தோன்றும்? உன் பாக்கியம் எங்களுக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரிதான்.

பிப்ரவரியில் கம்பெனி ஆள் குறைத்தது. ஜுன்னுக்கு வேலை போயிற்று. எனக்குப் போகவில்லை. பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எந்தக் கோர்ட்டிலும் வாதாடுவேன். ஆனால் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் கார் பார்க்கிங்கைக் கடந்து போனபோது நான் தூண் மறைவில் நின்றுகொண்டேன்.

6

முடிவுகள். பத்மநாபனுக்கு ஒன்று போதும். நான் நிறைய வைத்திருக்கிறேன்.

அ) சாரதா தெருவைக் கடந்து போய் இரண்டு டாலரை நீட்டுகிறாள். லீ ஃபாங் அதை வாங்கி டப்பாவில் போடுகிறாள். இதை எழுத எனக்குக் கை வராது. பரிசாக வந்ததை விலைக்கு வாங்குவது முதல் அவமானத்தைவிடப் பெரிய அவமானம்.

ஆ) ஒரு நண்பனை அனுப்பி, யாரோ போல வாங்கிவரச் சொல்கிறோம். பெட்டி நம் வீட்டுக்கு வந்துவிடும். லீ ஃபாங் போய்விடுவாள். இருபது வருஷம் அந்தப் பெட்டி அலமாரியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இ) யாருமே வாங்கவில்லை. தர்மத்துக்குப் போகிற மூட்டையில் போர்வைகளோடு

ஒரு வெள்ளை பிக்கப் டிரக் வந்து நிற்கிறது. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வைக்கோல் தொப்பி போட்ட உயரமான அம்மாள். ரைஸ் குக்கரைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்து உள்ளே மோந்து பார்த்தாள். கீழே வைத்தாள். அப்பாடா. டென்னிஸ் மட்டையை எடுத்துக் காற்றில் ஒரு வீசு வீசினாள். மறுபடி பெட்டியை எடுத்துவிட்டாள்.

ஈ) கணவன் எழுந்து போய் உண்மையைச் சொல்கிறான். (இதை எழுதினால் நான் எழுந்து போக வேண்டியிருக்கும். ஆகையால் இந்த முடிவு கலைநயமற்றது, நம்பும்படியாக இல்லை, வாசகர்கள்

[படிச்சாச்சு. – சா.]

7

இதை வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜன்னலிலிருந்து திரும்பியபோது சாரதா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்ப்யூட்டர் திரையில் ஐந்தாம் பகுதி இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எட்டு மாசமா பெருங்காயத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தேன்."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பயந்துவிட்டேன் என்றோ, உன்னிடம் சொல்ல நினைத்தேன் என்றோ. சப்பைக்கட்டு என்று எனக்கே கேட்டது.

"என்கிட்ட அப்புறம் சொல்லுங்க. முதல்ல அங்க போய் சொல்லுங்க. உங்களுக்காக நான் போய் ஸாரி கேட்க மாட்டேன்."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவைக் கடந்தேன். தொப்பிக்கார அம்மாள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மூடியில் இருப்பது என்ன, பட்டாம்பூச்சியா என்று லீ ஃபாங்கிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். லீ ஃபாங் என்னைப் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அவரைக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

அப்போதுதான் புரிந்தது. நாப்கினில் எழுதிக் காட்டியதை ஜுன் அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கிறான். எல்லாம் தெரிந்துதான் இந்த வீடு பெட்டியைத் திருப்பி அனுப்பியது என்று எட்டு மாதமாக அவளுக்குத் தெரியும். சாரதாவுக்குத் தெரியாது என்பதுதான் அவளுக்குத் தெரியாது. ஜுன் ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு கராஜிலிருந்து வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான்.

தொப்பிக்கார அம்மாளிடம் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். இவை வௌவால்கள். ஐந்தும் ஐந்து பாக்கியம். நீண்ட ஆயுள். செல்வம். நோயில்லாத உடம்பு. நிறைந்த வயதில் நிம்மதியான சாவு. நாலு விரல் மடங்கிவிட்டது. ஐந்தாவது ஞாபகம் வரவில்லை. கட்டைவிரலை நீட்டிக்கொண்டு முழித்தேன்.

"ஒண்ணை விட்டுட்டார்," என்றாள் லீ ஃபாங் அந்த அம்மாளிடம். "நல்லவரா இருக்கறதுல ஆசை."

கட்டைவிரலை மடக்கினேன். பிறகு லீ ஃபாங்கைப் பார்த்துச் சொன்னேன். பெட்டியை சாரதா திருப்பித் தரவில்லை, நான்தான் திருப்பினேன். அது பரிசு என்று அவளுக்கு இன்று காலை வரைக்கும் தெரியாது. திருப்பித் தர வேண்டியது என்று நான் பொய் சொன்னேன். வௌவாலைக் கண்டு பயந்தேன். என் ஆங்கிலம் ஆபீசில் பரவாயில்லாமல் ஓடும். அங்கே வினைச்சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து போயின.

தொப்பிக்கார அம்மாள் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, பெட்டியைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தாள். ரைஸ் குக்கர் போதும் என்று சொல்லி, காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

 லீ ஃபாங் எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினேன். சாரதா தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். டப்பா இல்லை, வாழைப்பழம் இல்லை. வெறுங்கையோடு வந்தாள். லீ ஃபாங்கின் கை பெட்டியின் மேல் இருந்தது. மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். கிழிக்கிறாளா, சும்மா நெருடுகிறாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் விலகி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது ஜன்னல் திரையை இழுத்து மூடியிருக்கிறேன். பத்மநாபன் இரண்டு தடவை ஃபோன் பண்ணிவிட்டார். முடிவு இல்லாமல் கதையை எப்படிப் போடுவது என்று கேட்பார். வேண்டுமென்றால் வாசகர்களே திரையை விலக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது, அல்லது எந்த டிரக்கில் போகிறது, அவர்கள் இரண்டு பேரும் வினைச்சொல் இல்லாமல் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சிநேகத்துக்கு அவர்களுக்குத் தெரியாமல் நான் ஏற்கெனவே ஒரு முடிவு எழுதினேன். இன்னொன்று எழுத மாட்டேன்.